வார்டை நடத்துவது யார்?



நர்ஸுகள் போராட்டம் என்று பேப்பரில் படம் வந்தால், "சம்பளம் வாங்குறாங்கல்ல, வேலையைப் பார்க்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள்தான் நானும். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்ஸுகள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அவர்களை எடுத்தார்கள், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. நமக்கென்ன, நம்ம வீட்டில் யாரும் ஆஸ்பத்திரியில் இல்லையே!

2023 ஐப்பசியில் என் மாமனாருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறிப் போச்சு. பதறிப்போய் முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். ஐந்து நாளில் 1,40,000 ரூபாய். என் வளையலும், கொழுந்தனார் வண்டியும் போனது. அங்கே 'நர்சிங் மேனேஜர்' என்று சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு அம்மா தினமும் காலையில் வந்து சிரித்த முகமாக, "எல்லாம் திருப்தியா இருக்கா மேடம்?" என்று கேட்பார். அடுத்த கேள்வி, "இன்னைக்கு அட்வான்ஸ் எவ்வளவு கட்டுறீங்க?" அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இட்ட வேலை அது. ஆனால் அந்த ஐந்து நாளில் என் மாமனாரை ஒருவரும் புரட்டிப் படுக்க வைக்கவில்லை என்பது எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆறாம் நாள் பணம் தீர்ந்தது. ஜில்லா தலைநகரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போனோம். ஆண்கள் மெடிக்கல் வார்டு. கட்டில் 40, ஆட்கள் 60க்குக் குறையாது. கட்டில் கிடைக்காதவர்களுக்குத் தரையில் பாய். உள்ளே நுழைந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சிஸ்டர், கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு வந்தாங்க. மாமனாரை ஒருக்களித்துப் பார்த்துவிட்டு, என்னையும் என் வீட்டுக்காரரையும் ஒரு முறை முறைச்சாங்க. "எத்தனை நாளா இப்படி மல்லாக்கவே போட்டு வச்சிருக்கீங்க? இங்க வந்து பாரும்மா." இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து உரிந்திருந்தது. படுக்கைப் புண். எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார்களே என்று எனக்குக் கோபமான கோபம். 'இதுக்குத்தான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்னேன்' என்று வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தேன்.

அவங்கதான் அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். மேனேஜர் பேட்ஜ் எதுவும் கிடையாது. வெள்ளைச் சேலை, கையில் ஒரு சாவிக்கொத்து.

நாங்கள் அங்கே இருந்தது 19 நாள். ராத்திரி என் வீட்டுக்காரர் துணைக்கு இருப்பார். காலை ஆறரைக்கு நான் கஞ்சி பிளாஸ்க்கோடு போய் அவரை அனுப்புவேன். பொழுதுக்கும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று புரிந்தது. டாக்டர் வந்து பார்த்து, எழுதிவிட்டுப் போகிறார். அது ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ. மீதி இருபத்திரண்டு மணி நேரமும் நோயாளி உயிரோடு இருப்பது வார்டு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை நடத்துவது இன்சார்ஜ் சிஸ்டர்.

எப்படி என்று சொல்கிறேன். காலையில் ராத்திரி நர்ஸ் 'ஓவர்' கொடுக்கும்போது, மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஒப்பிக்க விடமாட்டாங்க. கட்டில் கட்டிலாகக் கூட நடக்கணும். மூச்சு வாங்குகிற ஆளை நர்ஸ் மேஜைக்கு எதிர்க்கட்டிலுக்கு மாற்றுவாங்க. ராத்திரி பிதற்றி எழுந்து ஓடுகிற ஆளைச் சுவர் ஓரம் போடுவாங்க. புதுசாக வந்த பெண்ணை அனுபவஸ்தியோடு ஜோடி சேர்த்து விடுவாங்க. அவசர மருந்துத் தட்டைத் தானே திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாங்க. ஆக்சிஜன் எவ்வளவு இருக்கு என்று பார்ப்பாங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் பின்னாலேயே போய், "சார், இந்த ஐயாவுக்கு நேத்து முழுக்க யூரின் 300தான் போயிருக்கு" என்று சொல்வாங்க. வேகமாகப் போய்க்கொண்டிருந்த டாக்டர் நின்று திரும்பி வருவார். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன விலை போடுவது?

எனக்கும் பாடம் எடுத்தாங்க. இரண்டு மணிக்கு ஒருமுறை இடது பக்கம், வலது பக்கம் என்று புரட்ட வேண்டும். எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டாங்க. மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டைத் தூக்காமல் நான் ஊற்றப் போனேன். ஓடி வந்து கையைப் பிடிச்சாங்க. "தலையைத் தூக்காம ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிடும்மா. பக்கவாதத்துல பொழைச்சவரு உன் கஞ்சியில போயிடுவாரு." பேச்சு இப்படித்தான் இருக்கும். ஆனால் அன்று மத்தியானம் பக்கத்துக் கட்டில் துணையாள்களையும் கூப்பிட்டு நிற்க வைத்து எல்லாருக்கும் செய்து காட்டினாங்க.

இதெல்லாம் பதினோரு மணி வரைக்கும்தான். அதற்கப்புறம் அவங்களை மேஜையை விட்டு எழுந்திருக்க விடாமல் நோட்டுப் புத்தகங்கள் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், மேஜை மேல் 19 நோட்டு. இன்டென்ட் நோட்டு, சாப்பாட்டுக் கணக்கு, துணிக் கணக்கு, பூட்டி வைக்கிற மருந்துக் கணக்கு, உடைந்த சாமான் கணக்கு, வந்தவர் போனவர் கணக்கு, இறந்தவர் கணக்கு... முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக் காகிதம் வேறு. ஒரு போர்வை காணாமல் போனால் அவங்கதான் பதில் சொல்லணும். "கையை விட்டுப் பணம் கட்டியிருக்கேன்மா" என்று சொன்னாங்க. 28 வருஷ சர்வீஸ் உள்ள ஒரு பெண், எந்த நோயாளிக்கு எப்போது மூச்சு மாறும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவங்க, தலையணை உறை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க.

பன்னிரண்டாம் நாள் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

ஏதோ இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று இன்சார்ஜ் சிஸ்டரை இரண்டு நாள் வேறு கட்டிடத்துக்குப் போட்டுவிட்டார்கள். ரெக்கார்டு சரி செய்கிற வேலை. வார்டில் அவங்க இடத்துக்கு ஆள் இல்லை. முதல் நாள் ராத்திரி முழுக்க அறுபது பேருக்கு ஒரே ஒரு நர்ஸ். இருபத்துநாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். ஒப்பந்தப் பெண். காலை ட்யூட்டிக்கு வர வேண்டியவர் வரவில்லை என்று அந்தப் பெண்ணையே தொடர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்சுலின் ஊசி போடுவதில் இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு வண்டி வார்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஊசியை எடுக்க விடுவாங்க. கடிகாரத்தைப் பார்த்துப் போடக்கூடாது, தட்டைப் பார்த்துப் போடணும் என்பாங்க. இது எந்த நோட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை. அவங்க வாயில் இருந்த சட்டம். அந்தப் பெண் பாவம், ஏழு மணிக்கு ஊசி என்று எழுதியிருக்கிறது, ஏழு மணிக்குப் போட்டுவிட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டு வண்டி வரவேயில்லை. எட்டு, எட்டேகால் ஆயிற்று.

எங்கள் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். துணைக்கு யாரும் கிடையாது. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். மாமனாரைப் புரட்டத் திரும்பியபோது பார்த்தால், அவர் சட்டை தண்ணீரில் நனைத்த மாதிரி இருக்கிறது. தலையணை ஈரம். உதடு என்னவோ முனகுகிறது, கண் திறக்கவில்லை. "சிஸ்டர்!" என்று நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிற்று. அந்தப் பெண் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 38. கை நடுங்க நடுங்க நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். பத்து நிமிஷத்தில் பெரியவர் கண்ணைத் திறந்து, "காபி வந்திருச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்தில் ஆள் இல்லாத கட்டிலாக இருந்திருந்தால்? இன்னும் அரை மணி கழித்து யாராவது பார்த்திருந்தால்?

மறுநாள் மெமோ வந்தது. யாருக்கு? அந்தப் பெண்ணுக்கு. வண்டியைத் தாமதமாக அனுப்பியவருக்கு இல்லை. பதினாலு மணி நேரம் நின்றவளை மேலும் நிற்கச் சொன்னவருக்கு இல்லை. வார்டை நடத்துகிற ஆளைக் காகித வேலைக்கு இழுத்துக்கொண்டு போனவருக்கும் இல்லை.

என் நாத்தனார் மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷம். அவளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "அத்தை, நீங்க சொல்றதெல்லாம் எங்க பாடத்துலயே இருக்கு" என்று புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் 5 படுக்கைக்கு ஒருவர், லீவு எடுப்பவர்களுக்காக மேலே 30 சதவீதம், 25 படுக்கைக்கு ஒரு வார்டு சிஸ்டர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து வைத்திருந்தது. நான் பத்தாம் வகுப்புதான், ஆனால் பால் கணக்கு, சீட்டுக் கணக்குப் போடத் தெரியும். எங்கள் வார்டின் 40 கட்டிலுக்கு 13 பேர், லீவுக்கும் சேர்த்து 17 பேர் வேண்டும். இது கட்டிலுக்கு மட்டும். பாயில் படுத்திருந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. அந்த வார்டில் இன்சார்ஜைச் சேர்க்காமல் நான் பார்த்த முகங்கள் மொத்தம் ஏழு. அதில் நான்கு பேர் ஒப்பந்தம்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லையாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, ஆபரேஷன் ஆனவர்கள் முப்பது நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். ஒருவர் கூடினாலே! நாம் அறுபதுக்கு ஒன்று என்று விட்டுவிட்டுப் போகிறோம்.

ஒப்பந்த நர்ஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. கொரோனாவில் 2020இல் அவசரமாக எடுத்த நர்ஸுகளில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலை இல்லை என்றார்கள். அப்புறம் போராட்டம், மாவட்டச் சுகாதாரச் சங்கம் மூலம் 18,000 ரூபாயில் வேறு வேலை தருகிறோம் என்ற பேச்சு, எல்லாம் பேப்பரில் வந்ததுதான். சம்பளத்தை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணைப் பிடித்து, 'தட்டைப் பார்த்து ஊசி போடு' என்று ஆறு மாசம் பழக்கி எடுத்தால், ஏழாவது மாசம் அவள் அங்கே இருப்பாளா என்று யாருக்கும் தெரியாது. புது மருமகளுக்குச் சமையற்கட்டைப் பழக்கி முடிக்கிற நேரத்தில் வேறு மருமகள் வந்தால் அடுப்பு எப்படி எரியும்?

பள்ளிக்கூடத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் 'கைவிளக்கேந்திய காரிகை' என்று படித்தோம். விளக்குதான் மனதில் நிற்கிறது. அந்த அம்மா கணக்கில் கெட்டிக்காரி, எத்தனை சிப்பாய்கள் காயத்தில் செத்தார்கள், எத்தனை பேர் அழுக்கிலும் தொற்றுநோயிலும் செத்தார்கள் என்று படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டியவர் என்பது நாத்தனார் மகள் சொல்லித்தான் தெரியும். 1859இல் அவர் எழுதிய புத்தகத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறாராம். நீ இருக்கும்போது நடக்கிற காரியம், நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் பொறுப்பில் இருப்பவரின் வேலை என்பது அதன் சாரம். அதைக் கேட்டதும் பன்னிரண்டாம் நாள் காலைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் சிஸ்டர் இல்லாதபோது ஏன் எல்லாம் குலைந்தது? ஏற்பாடு செய்ய அவங்களுக்கு ஆள் ஏது, நேரம் ஏது, அதிகாரம்தான் ஏது?

அதிகாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வார்டைக் கூட்டித் துடைப்பவர்கள் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள். சிஸ்டர் சொன்னால் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவர்களுடைய சூப்பர்வைசர் சொல்லணும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஒருவர் எங்களிடம் நூறு ரூபாய் கேட்டார். சிஸ்டரிடம் சொன்னேன். "நான் சொன்னா நாளைக்கு டிராலியே வராதும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டாங்க. குழாய் ஒழுகினால் ஒருவர், ஃபேன் ஓடாவிட்டால் இன்னொருவர், ராத்திரிக்கு ஆள் வேண்டும் என்றால் மேட்ரன் ஆபீஸ். பொறுப்பு முழுக்க அவங்க தலையில், அதிகாரம் விரற்கடை அளவுகூட இல்லை. நம்ம வீடுகளில் மூத்த மருமகளின் நிலைமை இதுதான் என்று சொன்னால் சகோதரிகள் மறுக்க மாட்டீர்கள்.

எல்லா இன்சார்ஜ் சிஸ்டரும் இவர்கள் மாதிரிதான் என்று நான் சாதிக்க வரவில்லை. அடுத்த வார்டில் ஒருவர் இருந்தார், நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. வருஷக் கணக்கை மட்டும் வைத்துப் பதவி உயர்வு கொடுத்தால் அப்படியும்தான் அமைவார்கள். ஊசி போடத் தெரிந்தவருக்கெல்லாம் வார்டு நடத்தத் தெரிந்துவிடாது. அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

"நர்ஸ் வேலை சேவை, மனசிருந்தால் போதும்" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி அருணா ஷான்பாக்கை நினைவூட்டுகிறேன். அங்கேயே நர்ஸாக இருந்தவர். 1973இல் கொடுமைக்கு ஆளாகி நினைவிழந்தார். 2015 மே 18இல் இறக்கும்வரை, 42 வருஷம், அதே ஆஸ்பத்திரி நர்ஸுகள்தான் பார்த்துக்கொண்டார்கள். 2011இல் சுப்ரீம் கோர்ட்டே அந்த நர்ஸுகளைப் பாராட்டியது. அத்தனை வருஷம் படுக்கையில் கிடந்தவருக்குப் படுக்கைப் புண் வராமல் காத்தார்கள் என்று பேசப்பட்டது. ஐந்தே நாளில் என் மாமனாருக்கு வந்ததை வைத்துத்தான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. அங்கே தொடக்கத்தில் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாம் 2015க்குள் ரிடையர் ஆகியிருப்பார்கள். ஒரு கை ஓய, அடுத்த கை வாங்கிக்கொண்டது. ஆள் மாறினாலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவது மாறவில்லை என்றால், பாசம் மட்டும் அதைச் செய்துவிட முடியாது. யாரோ ஒருவர் ட்யூட்டி போட்டு, சொல்லிக் கொடுத்து, செய்தார்களா என்று பார்த்திருக்கிறார்கள்.

1947ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு நர்ஸுகளுக்கென்று 2023இல் புதிதாகத் தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். படிப்புக்கும் பதிவுக்கும் அது என்ன செய்யுமோ செய்யட்டும். என் மாதிரி பெண்ணுக்குத் தோன்றுவது சின்ன விஷயங்கள். வார்டுக்கு ஒரு கிளார்க் போடுங்கள், அந்த 19 நோட்டையும் அவர் எழுதட்டும். பிளஸ் டூ படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பெண்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். காணாமல் போன போர்வைக்கு நர்ஸ் பையில் கை வைக்காதீர்கள். இன்சார்ஜ் சிஸ்டரை வேறு வேலைக்கு இழுக்கிறதானால், அதே பொறுப்போடு இன்னொருவரை நிறுத்திவிட்டு இழுங்கள். ராத்திரி ஒரு நர்ஸால் முடியாது என்று அவங்க எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்துக்கு விடியறதுக்குள் பதில் வரணும். பதில் சொல்லாதவர் பெயரும் ஒரு நோட்டில் ஏறணும். துடைக்கிறவரும் தள்ளுவண்டிக்காரரும் வார்டு நேரத்தில் வார்டு சிஸ்டர் சொல்வதைக் கேட்கணும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தால் குடியா முழுகிப் போகும்?

நம் பக்கமும் தப்பில்லாமல் இல்லை. ஒரு நோயாளிக்கு ஆறு பேர் போய் நின்றுகொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துத் தின்றுவிட்டு, சிஸ்டர் சத்தம் போட்டால் வாசலுக்கு வந்து திட்டுகிறோம். நானும் திட்டியவள்தான்.

பத்தொன்பதாம் நாள் மாமனாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புண்ணுக்கு மருந்து போடும் முறையைச் சிஸ்டர் என் கையாலேயே செய்ய வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சீட்டைக் கொடுத்தாங்க. மூன்று மாதம் கழித்து மாத்திரை வாங்கப் போனபோது, ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு வார்டுப் பக்கம் போனேன். அந்த ஒப்பந்தப் பெண் இல்லை. வேறு முகம். சிஸ்டர் மேஜையில் குனிந்து போர்வைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாங்க. இரண்டு குறைகிறதாம். யார் என்று நிமிர்ந்து பார்த்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டாங்க:

"தாத்தாவுக்கு இடுப்புப் புண்ணு ஆறிடுச்சா? புரட்டிக்கிட்டு இருக்கியா, விட்டுட்டியா?"

"புரட்டுறேன் சிஸ்டர். அட்டை இன்னும் கட்டில்லதான் தொங்குது" என்றேன்.

— ஒரு வாசகி